கடலுக்கு நடுவே கோட்டை! கோட்டைக்குள் குடித்தனம்!

ராஜா கட்டிய மதிலுக்குள் 800 பேர் வசிக்கிறார்கள்

வீடு மாற்றுவது என்றால் லேசான காரியமா? நல்ல நாள் பார்க்க வேண்டும். சாமான்களை மூட்டை கட்ட வேண்டும். லாரி பிடிக்க வேண்டும். தண்ணீர் ஒழுங்காக வருமா, பள்ளிக்கூடம் பக்கமா, கடை பக்கமா என்று பத்துப் பேரிடம் விசாரிக்க வேண்டும்.

அந்தப் புது வீடு ஒரு பீரங்கிக் கோட்டைக்குள் இருந்தால்? கோட்டையும் கடலுக்கு நடுவே இருந்தால்? சாமான்கள் எப்படிப் போய்ச் சேரும்? பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள்? நடு இராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வது?

இதையெல்லாம் யோசித்த பிறகும், "அங்கேதான் போவோம்" என்று குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போகும் இடத்தின் பெயர் சுவோமென்லின்னா. பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கிக்கு எதிரே, கடலில் இருக்கிறது அந்தக் கோட்டை.

ஒரு காலத்தில் சிப்பாய்களும் பீரங்கிகளும் நிறைந்திருந்த கோட்டை அது. இன்று அங்கே சுமார் 800 பேர் குடித்தனம் நடத்துகிறார்கள். பீரங்கி நின்ற மேட்டில் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுகிறார்கள்!

தீவுகளைச் சேர்த்த மதில்

பின்லாந்து ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு. கிழக்கே ருஷியா. மேற்கே சுவீடன். தெற்கே பால்டிக் கடலின் ஒரு கிளை. அந்தக் கடலோரத்தில் அமைந்த நகரம்தான் ஹெல்சிங்கி. அதன் ஜனத்தொகை ஆறரை லட்சத்துக்கும் மேல்.

ஹெல்சிங்கியின் மார்க்கெட் சதுக்கத்தில் படகு ஏறினால் கால் மணி நேரத்தில் கோட்டைக்குப் போய்விடலாம். கோட்டை ஒரே தீவில் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள பல தீவுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். முக்கியமான தீவுகளைப் பாலங்கள் இணைக்கின்றன.

மதில்களின் மொத்த நீளம் சுமார் 6 கிலோ மீட்டர். உள்ளே சுமார் 200 கட்டடங்கள். 1991-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

இப்படிப்பட்ட இடங்கள் உலகத்தில் பல உண்டு. பகலில் ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் கதவைப் பூட்டி விடுவார்கள். சுவோமென்லின்னா அப்படிப் பூட்டப்படுவதே இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் படகேறிப் போன பிறகு, கோட்டையின் ஜன்னல்களில் விளக்கு எரிகிறது. அடுப்பில் ராச் சாப்பாடு தயாராகிறது.

நாலு வருஷ வேலை, நாற்பது வருஷம் ஆயிற்று!

கோட்டையைக் கட்டியவர்கள் சுவீடன் நாட்டார். அந்தக் காலத்தில் பின்லாந்து, சுவீடன் ராஜ்யத்தின் ஒரு பகுதி.

ருஷியச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1703-ல் பால்டிக் கடலோரத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டார். ருஷியாவின் கடற்படை வளர்ந்தது. சுவீடனுக்குத் தூக்கம் போயிற்று. 1741-ல் சுவீடனே ஒரு யுத்தத்தைத் தொடங்கி, 1743-ல் தோற்று, நிலத்தையும் இழந்தது. இனி சும்மா இருந்தால் ஆபத்து என்று கோட்டை கட்டத் தீர்மானித்தார்கள்.

1748-ல் வேலை ஆரம்பமாயிற்று. பொறுப்பேற்றவர் அகஸ்டின் ஏரன்ஸ்வார்டு என்ற பீரங்கிப்படை அதிகாரி. அப்போது அவருக்கு வயது 37. பெரிய செலவு! பிரான்சு நாடு பண உதவி செய்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்கள். பாறையை உடைத்தார்கள். அதே கல்லைக் கொண்டு மதில் எழுப்பினார்கள்.

நாலு வருஷத்தில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டார்கள். நாற்பது வருஷம் ஆகியும் வேலை முடிந்தபாடில்லை! ஏரன்ஸ்வார்டு 1772-ல் இறந்து போனார். தான் கட்டிய கோட்டையின் முற்றத்திலேயே அவருக்குச் சமாதி அமைந்தது. வீடு கட்டினவர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்றே சொல்லலாம்.

கோட்டைக்குள் சிப்பாய்கள் மட்டும் இருக்கவில்லை. அவர்களுடைய மனைவிமார்கள், பிள்ளைகள், தச்சர்கள், கொல்லர்கள், வியாபாரிகள் எல்லோரும் இருந்தார்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எதிர்க்கரையில் இருந்த ஹெல்சிங்கியை விடக் கோட்டைக்குள் ஜனங்கள் அதிகம்! ஆகவே இங்கே குடும்பங்கள் வசிப்பது புதுப் பழக்கம் இல்லை. கோட்டைக்கு என்ன வயதோ, அதே வயது இந்தக் குடித்தனத்துக்கும்.

வராத கப்பல்

கோட்டைக்கு ராஜ வாசல் என்று ஒரு வாசல் உண்டு. 1752-ல் சுவீடன் ராஜாவின் கப்பல் நங்கூரம் பாய்ச்சிய இடத்தில் அதைக் கட்டினார்கள். வாசலில் ஒரு கல்வெட்டு. எதிர்காலச் சந்ததியாருக்கு ஏரன்ஸ்வார்டு சொன்ன புத்திமதி அதில் இருக்கிறது. சொந்தக் காலில் நில்லுங்கள். அயலார் உதவியை நம்பாதீர்கள் என்பது அதன் சாரம்.

அயல் நாட்டுப் பணத்தில் எழுந்த கோட்டையில் இப்படி ஒரு வாசகம்! விதியின் விளையாட்டு அதோடு நிற்கவில்லை.

1808-ஆம் ஆண்டு. குளிர்காலம். ருஷியப் படை பின்லாந்துக்குள் புகுந்து ஹெல்சிங்கியைப் பிடித்தது. அடுத்தது கோட்டை. கடல் உறைந்து கிடந்தது. காவலாக இருந்த தண்ணீரே எதிரிக்குத் தரையாகிவிட்டது.

கோட்டையின் தளபதி குரோன்ஸ்டெட். சாமானியர் அல்ல. 1790-ல் நடந்த பெரிய கடற்போரில் ருஷியர்களைத் தோற்கடித்ததில் பெரும் பங்கு அவருடையது. அவரிடம் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்தார்கள். பீரங்கிகள் இருந்தன. கோட்டைக்குள் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஏப்ரல் மாதம் ருஷியர்களோடு அவர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மே 3-ந் தேதிக்குள் சுவீடனிலிருந்து ஐந்து போர்க்கப்பல்கள் உதவிக்கு வரவேண்டும். வராவிட்டால் கோட்டையை ஒப்படைத்து விடுவது.

ஜனங்கள் கடலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். கப்பல் வரவில்லை. அசைக்க முடியாது என்று பெயர் வாங்கிய கோட்டை ருஷியர் வசமாயிற்று.

குரோன்ஸ்டெட்டுக்குத் துரோகி என்ற பட்டம் கிடைத்தது. சுவீடனுக்குத் திரும்பாமல் பின்லாந்திலேயே வாழ்ந்து 1820-ல் கண் மூடினார். அவர் ஏன் சரணடைந்தார்? பயமா? உள்ளே இருந்த குடும்பங்களின் மேல் இரக்கமா? நம்பிக்கை இழந்தாரா? இரண்டு நூறு வருஷம் கடந்தும் சரித்திர ஆசிரியர்கள் இதைப் பற்றி வாதாடிக் கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வருஷமே, 1809-ல், பின்லாந்து முழுவதும் ருஷியாவின் கைக்குப் போயிற்று.

குண்டும் பசியும்

அதன் பிறகு 110 வருஷம் கோட்டையில் ருஷியக் கொடி பறந்தது.

1855-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கிரிமிய யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பிரிட்டிஷ் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் வந்து இரண்டு நாள் இரவும் பகலும் கோட்டையின் மேல் குண்டு மாரி பொழிந்தன. கப்பல்கள் எட்டத்தில் நின்றன. கோட்டையிலிருந்த பழைய பீரங்கிகளின் குண்டு அவ்வளவு தூரம் போகவில்லை. கட்டடங்கள் தீப்பற்றி எரிந்தன. எதிர்க்கரைப் பாறைகளில் நின்று ஹெல்சிங்கி ஜனங்கள் அதைப் பார்த்தார்கள்.

1917 டிசம்பர் 6-ந் தேதி பின்லாந்து சுதந்திரம் பெற்றது. 1918 மே மாதம் கோட்டைக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். சுவோமென்லின்னா என்றால் "பின்லாந்தின் கோட்டை" என்று அர்த்தம்.

பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அந்த வருஷம் நல்ல வருஷம் அல்ல. சுதந்திரம் கிடைத்த சில வாரங்களிலேயே நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. பணக்காரரும் ஏழையும், அண்டை வீட்டாரும் அண்டை வீட்டாரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொண்டார்கள். தோற்ற செம்படையாரை இந்தக் கோட்டையில் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பசியும் நோயும் தாக்கின. ஏராளமானவர்கள் இறந்தார்கள். அந்தச் சிறை முகாம் 1919 வரை இருந்தது.

இன்று கோட்டையில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியும். சந்தோஷமான இடத்துக்குள் துக்கமான இடமும் இருக்கிறது என்று தெரிந்தேதான் வசிக்கிறார்கள்.

ராணுவம் போயிற்று, ஜனங்கள் வந்தார்கள்

பெரிய விமானங்களும் ஏவுகணைகளும் வந்துவிட்ட காலத்தில் கல் மதிலுக்கு என்ன வேலை? ராணுவத்துக்குக் கோட்டையின் தேவை குறைந்தது. 1973-ல் கோட்டையின் பெரும் பகுதியை ராணுவம் சிவில் நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. கடற்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி மட்டும் ஒரு தீவில் தொடர்ந்து நடைபெறுகிறது.

இப்போது ஒரு பெரிய கேள்வி எழுந்தது. இத்தனை கட்டடங்களை என்ன செய்வது?

கட்டடங்கள் பழுதாகிக் கிடந்தன. எல்லாவற்றையும் பொருட்காட்சி சாலையாக்கலாமா? அப்படிச் செய்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆள் வசிக்காத வீடு என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். கூரையில் ஒழுகல் விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. ஜன்னல் உடைந்தால் சொல்ல ஆள் இல்லை. பத்து வருஷத்தில் வீடு பாழ்!

ஆகவே அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. கோட்டையைப் பழுது பார்க்க வேண்டும். ஜனங்கள் அதில் வருஷம் முழுவதும் வசிக்கவும் வேண்டும். இதற்கென்று ஒரு தனி நிர்வாக சபை ஏற்பட்டது. சிப்பாய்கள் தூங்கிய நீண்ட கொட்டடிகள் குடும்ப வீடுகளாக மாறின. அதிகாரிகளின் மாளிகைகளையும் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஓவியர்களும் கண்ணாடி ஊதும் கலைஞர்களும் மதிலுக்குள் பட்டறை வைத்தார்கள்.

வீடுகளில் பெரும்பாலானவை வாடகை வீடுகள். வாடகைப் பணம் கோட்டையின் பராமரிப்புக்கு உதவுகிறது. அரசாங்கமும் பணம் கொடுக்கிறது.

வீடு கிடைக்குமா?

கேட்டவுடன் கிடைக்காது! வீடு காலியானால் மனுப் போடவேண்டும். இருக்கும் வீடுகள் சில நூறுதான். கேட்பவர்களோ அதிகம்.

வீடு கிடைத்த பிறகும் நினைத்தபடி இருக்க முடியாது. இது என் வீடு, சுவரை இடிப்பேன், ஜன்னலை மாற்றுவேன், கதவுக்கு வேறு நிறம் பூசுவேன் என்றால் நடக்காது. ஒவ்வொரு சுவரும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை கொண்டுதான் மதில்களைப் பூசுகிறார்கள்.

குடி போகும் நாளில் இன்னொரு சங்கடம். ஜனங்கள் ஏறும் படகில் பீரோவையும் கட்டிலையும் ஏற்ற முடியுமா? வண்டிகளையும் சரக்கையும் கொண்டு போக வேறு ஒரு படகு இருக்கிறது. அதில் சாமான்கள் வந்து சேரும். அதற்குப் பிறகு வீட்டு வாசல் வரை உருளைக் கல் பாதை. தூக்குகிறவர்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

கோட்டைக்குள் கார் ஓட்டுவது அபூர்வம். கடையில் வாங்கிய சாமானைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பனிக்காலத்தில் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். பால், ரொட்டி, காய்கறிக்கு ஒரு மளிகைக் கடை உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகமும் பள்ளிக்கூடமும் உண்டு. நூல் நிலையமும் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் அக்கரைக்குப் போகவேண்டும்.

படகுதான் பஸ்

ஹெல்சிங்கி நகரத்தில் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் எந்த டிக்கெட்டோ, அதே டிக்கெட் கோட்டைப் படகுக்கும் செல்லும். கடல் நடுவே ஓடும் டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் காலையில் படகு ஏறுகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் புத்தகப் பையோடு ஏறுகிறார்கள். கால் மணி நேரப் பயணத்தில் ஒருவர் பத்திரிகை படிக்கிறார். ஒரு பையன் மிச்சமிருந்த வீட்டுப் பாடத்தை எழுதி முடிக்கிறான்.

ஒரு படகைத் தவறவிட்டால்? அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சில வேளைகளில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அவசரக்காரர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது. கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் பழக்கம் இங்கே ஐந்து வயதுக் குழந்தைக்கும் வந்துவிடுகிறது.

பனிக்காலத்தில் கடல் வெள்ளைப் பாளமாக உறைந்துவிடும். அப்போதும் படகு நிற்பதில்லை. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கரகரவென்ற சப்தத்துடன் போகும்.

கோட்டையின் தெற்கு முனைக்கும் அடுத்த தீவுக்கும் நடுவே ஒரு ஜலசந்தி. அகலம் சுமார் 80 மீட்டர்தான். சுவீடனுக்குப் போகும் பெரிய பெரிய பயணக் கப்பல்கள் அதன் வழியாகவே போகின்றன. மாடி மேல் மாடியாக எழுந்த ஒரு கப்பல், மதிலை உரசுவது போல் நகர்ந்து போகும். ஒரு தெரு முழுவதும் எழுந்து நடந்து போகிறதோ என்று தோன்றும்!

கடலுக்கு அடியில் ஒரு வழி

நடு இராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வது என்று ஆரம்பத்தில் கேட்டோம் அல்லவா?

அதற்கும் வழி இருக்கிறது. வழி கடலுக்கு அடியில் இருக்கிறது!

1982-ல் பக்கத்திலுள்ள சாந்தஹமினா தீவிலிருந்து கோட்டைக்குக் கடலடியில் ஒரு சுரங்கப் பாதை வெட்டினார்கள். நீளம் 1.3 கிலோ மீட்டர். சாந்தஹமினாவிலிருந்து நகரத்துக்குப் பாலம் உண்டு. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் இந்தச் சுரங்கத்தின் வழியாக வரும். தினசரி போக்குவரத்துக்கு இது திறப்பதில்லை.

மின்சாரமும் தண்ணீரும் இதன் வழியாகத்தான் வருகின்றன. குளிர் நாடு ஆயிற்றே! வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களும் இதற்குள்ளேதான் ஓடுகின்றன. கல் மதிலுக்குள் குடும்பங்கள் குளிர் தெரியாமல் தூங்குவது அந்தக் குழாய்களின் புண்ணியம்.

மதிலுக்கு வைத்தியம் செய்யும் கைதிகள்

கோட்டைக்குள் சிறைச்சாலை ஒன்றும் இருக்கிறது. இதைக் கேட்டதும், "ஐயோ, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே எப்படி இருப்பது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள்.

இது திறந்தவெளிச் சிறை. 1971-ல் ஏற்பட்டது. வானளாவிய சுவர் கிடையாது. இடுக்கமான அறையும் கிடையாது. சுமார் 100 கைதிகள் இருக்கிறார்கள். கோட்டையைப் பழுது பார்ப்பதுதான் அவர்களில் பலருடைய வேலை. கல் அடுக்குகிறார்கள். காரை பூசுகிறார்கள். மரவேலை செய்கிறார்கள். விடுதலையாகி வெளியே போகும்போது ஒரு தொழில் கையில் இருக்கும்.

1918-ல் இதே தீவுகளில் கைதிகள் பசியால் மடிந்தார்கள். இன்று இதே தீவுகளில் கைதிகள் மதிலுக்கு வைத்தியம் செய்கிறார்கள். அந்த மதிலுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் குழந்தை பந்து விளையாடுகிறது. ஒரு தேசம் தன் பழைய காயத்தை எப்படி ஆற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாலு தடவை கண் சிமிட்டும் மாதா கோயில்

கோட்டை நடுவே ஒரு மாதா கோயில். 1854-ல் ருஷியர்கள் தங்கள் சிப்பாய்களுக்காகக் கட்டியது. அப்போது அதற்கு வெங்காயம் போன்ற கோபுரங்கள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கோபுரங்களை எடுத்துவிட்டு, பின்லாந்தின் பெரும்பாலோர் பின்பற்றும் லூத்தர் சபைக்குரிய கோயிலாக மாற்றினார்கள்.

அதன் சுற்று வேலியைப் பார்த்தால் சிரிப்பு வரும். பழைய பீரங்கிகளைத் தரையில் செங்குத்தாக நட்டுச் சங்கிலியால் இணைத்திருக்கிறார்கள்! ஊரைச் சுட வந்த பீரங்கி, கோயில் வேலிக்குக் கம்பம் ஆயிற்று.

கோபுரத்தின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம். இராத்திரி நேரத்தில் அது அடுத்தடுத்து நாலு தடவை கண் சிமிட்டும். தந்தி பாஷையில் அதற்கு "எச்" என்று அர்த்தம். ஹெல்சிங்கியின் முதல் எழுத்து! மேலே பிரார்த்தனை, அதற்கும் மேலே மாலுமிகளுக்கு வழிகாட்டி.

ஜன்னலில் எட்டிப் பார்க்கும் விருந்தாளிகள்

கடலையும் குளிரையும் சமாளிப்பதை விடக் கஷ்டமான காரியம் ஒன்று உண்டு. அது விருந்தாளிகளைச் சமாளிப்பது!

வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் பேர் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். உள்ளே வசிப்பவர்கள் 800 பேர். கணக்குப் பாருங்கள். ஒரு குடித்தனக்காரருக்கு ஆயிரம் விருந்தாளிக்கு மேல்!

கோடைக்காலத்தில் படகில் நிற்க இடமிராது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரும், காமிராவோடு வேடிக்கை பார்க்க வருகிறவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கோட்டைக்கு வந்தவர்களுக்கு எது காட்சிச் சாலை, எது வீடு என்று தெரிவதில்லை. சிலர் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்!

"இங்கே ஜனங்கள் வசிக்கிறார்கள், அவர்கள் வீட்டை மதித்து நடந்துகொள்ளுங்கள்" என்று வருகிறவர்களை நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விருந்தாளிகள் வராவிட்டால் சாப்பாட்டுக் கடை நடக்காது. கலைஞர்கள் செய்த பொருள் விற்காது. படகுகளின் எண்ணிக்கையும் குறையும். விருந்தாளிகள் அளவுக்கு மீறி வந்தால் குடியிருப்பவர்கள் சலித்துப்போய்ப் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அவர்கள் போய்விட்டால் சுவோமென்லின்னா இன்னொரு பொருட்காட்சி சாலைதான். இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும். கோட்டை நிர்வாகத்துக்கு இன்று இருக்கும் பெரிய யுத்தம் இதுவே.

ஆறு மணி நேரப் பகல்

கோடை முடிந்ததும் கூட்டம் கரைந்துவிடும். டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போதும் இருட்டத் தொடங்கிவிடும். மதிலின் மேல் காற்று ஊளையிடும்.

ஜூன் மாதத்தில் நேர்மாறு. சூரியன் 19 மணி நேரம் வானத்தில் இருக்கும். குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குள் தாய்மார்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். புல் மேடுகளில் காட்டு வாத்துகள் குஞ்சுகளோடு மேயும்.

பல மதில்களுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. மேலே புல், விளிம்பைத் தாண்டினால் செங்குத்துப் பள்ளம். ஆகவே இங்கே வளரும் குழந்தைகளுக்கு முதல் பாடம், எங்கே நிற்க வேண்டும் என்பதுதான். பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றும் கரையில் நிற்கிறது. பெயர் வெசிக்கோ. இரண்டாம் உலக யுத்தத்தில் பணியாற்றிய கப்பல். 1973-லிருந்து காட்சிப் பொருள். தெருக் கோடியில் நீர்மூழ்கிக் கப்பல் உள்ள ஊர் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

யார் காவல்?

இந்த வசதிக் குறைவுகளோடு ஏன் அங்கே இருக்க வேண்டும்? அக்கரையில் வாசலுக்கு டிராம் வரும் வீடு உண்டு. கடையும் மருத்துவமனையும் பக்கத்தில் உண்டு.

பதில் அந்த ஊரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் மற்றவரைத் தெரியும். ஒரே படகில் போகிறவர்கள், ஒரே கடையில் வாங்குகிறவர்கள், ஒரே புயலில் மாட்டிக்கொள்கிறவர்கள். பெரிய நகரத்தின் மடியிலேயே ஒரு சின்னக் கிராமம். அதற்காகக் கடிகாரத்தையும் கடலையும் அனுசரித்துப் போகச் சம்மதிக்கிறார்கள்.

ஏரன்ஸ்வார்டு கட்டிய மதில் 1808-ல் எதிரியைத் தடுக்கவில்லை. 1855-ல் குண்டைத் தடுக்கவில்லை. ராணுவ ரீதியில் பார்த்தால் செலவழித்த பணத்துக்குக் கோட்டை கொடுத்த பலன் கொஞ்சம்தான். ஆனாலும் 270 வருஷத்துக்கு மேல் அது நிற்கிறது.

ஒரு காலத்தில் ஜனங்களைக் காப்பாற்றுவதற்காகக் கோட்டை கட்டினார்கள். இன்று ஜனங்கள் குடியிருந்து அந்தக் கோட்டையைக் காப்பாற்றுகிறார்கள். கூரை ஒழுகினால் சொல்கிறார்கள். பாதையில் பனி விழுந்தால் தள்ளுகிறார்கள். அந்தி சாய்ந்ததும் விளக்கு ஏற்றுகிறார்கள்.

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லா நாட்டிலும் பேசுகிறார்கள். வேலி போட்டுப் பூட்டி வைப்பது ஒரு வழி. ஆளைக் குடிவைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழி கஷ்டமானது, செலவு பிடிப்பது, தினமும் தகராறு வரக்கூடியது. ஆனால் பூட்டிய வீட்டை விட அடுப்பு எரிகிற வீடு அதிக நாள் நிற்கும்.